குடிலில் அடைகாத்த கோழி

அந்தக் காலத்தில் கோழி பேசும். கேள்வி கேட்டால் மனிதர்களும் நின்று பதில் சொல்வார்கள். ஆனால் பதில் தெரியாதபோது தெரியாது என்று சொல்வது மட்டும் அப்போதும் அவர்களுக்குக் கடினமாகத்தான் இருந்தது.

கடலுக்கும் பனங்காட்டுக்கும் நடுவே இருந்த ஒரு சிறிய ஊரில் சந்தியாகு என்ற மீனவன் வாழ்ந்தான். அவன் மனைவி ஞானப்பூ. அவர்கள் வீட்டில் சிவப்பு நிறத்தில் ஒரு கோழி இருந்தது. செம்பி என்று கூப்பிடுவார்கள். என் மனைவியின் ஊரில் இந்தக் கதையைச் சொல்லும்போது கோழி கறுப்பு என்பார்கள். நான் கேட்டபடி சிவப்பு என்றே எழுதுகிறேன்.

ஞானப்பூவுக்கு ஒரே தம்பி, அருளப்பன். கொழும்பில் கடை வைத்திருந்தான். பல வருடங்களாக ஊருக்கு வரவில்லை. அந்த வருடம் கிறிஸ்து பிறப்புக்கு வருகிறேன் என்று தோணிக்காரர்களிடம் சொல்லி அனுப்பியிருந்தான். கூடவே ஒரு பொட்டலமும் கொடுத்துவிட்டிருந்தான். பிரித்துப் பார்த்தால் பீங்கானில் செய்த குழந்தை இயேசு. உள்ளங்கைக்குள் அடங்கும். வெள்ளை வெளேரென்று, கழுத்து வரை துணியில் சுற்றியிருந்ததால் கையும் காலும் தெரியாது. முகம் மட்டும் தெரியும்.

ஞானப்பூவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "தம்பிக்குக் கோழிக்குழம்பும் வட்டலப்பமும் வச்சுக் குடுக்கணும்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். அந்தக் கோழி செம்பி என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். செம்பிக்கும் தெரியும். வட்டலப்பம் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவிக்கும் இனிப்பு; அதற்கு முட்டை வேண்டுமே. செம்பி இட இட, ஞானப்பூ எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தாள்.

முட்டையெல்லாம் போனபிறகுதான் செம்பிக்கு அடை வந்தது. உடம்பு கொதித்தது. இரை இறங்கவில்லை. வெறும் கூடையில் உட்கார்ந்து பார்த்தது. கீழே ஒன்றுமில்லை என்பதை உடம்பு ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த நாளில் எங்கள் பக்கத்தில் திருவருகைக் காலம், அதாவது கிறிஸ்து பிறப்புக்கு முந்தின நாலு வாரம், தொடங்கியதும் குடில் கட்டிவிடுவார்கள். கட்டிய அன்றே குழந்தையையும் படுக்க வைத்துவிடுவார்கள். சந்தியாகுவும் வீட்டின் மூலையில் பனையோலை வேய்ந்து, வைக்கோல் பரப்பி, மாதாவையும் சூசையப்பரையும் மாட்டையும் கழுதையையும் நிறுத்தினான். ஞானப்பூ தம்பி அனுப்பிய பீங்கான் பாலனை நடுவில் வைத்தாள். சாயங்காலம் அக்கம்பக்கத்தார் வந்து முழந்தாளிட்டு, ஆண்டவரே வாரும், தாமதியாமல் வாரும் என்று மன்றாடிவிட்டுப் போனார்கள்.

செம்பி வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டது. மறுநாள் காலையில் ஞானப்பூ வந்து பார்த்தபோது மாதாவுக்கும் சூசையப்பருக்கும் நடுவே, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, குழந்தைமேல் உட்கார்ந்திருந்தது.

"அடி பாவி! எந்திரி!"

"மெதுவாப் பேசுங்கம்மா" என்றது செம்பி. "உள்ள ஒரு உயிர் இருக்கு."

"அது பாலன்டி! முட்டையில்ல!"

"பாலன் பிறந்தாச்சா?"

"இன்னும் பிறக்கல. மாசக் கடைசியிலதான் பிறப்பாரு."

"பிறக்காதது எப்படிம்மா இங்க படுத்திருக்கும்? நேத்து ஊரே முட்டி போட்டு வா வான்னு கூப்பிட்டீங்க. வந்துட்டாருன்னா எதுக்குக் கூப்பிடணும்? வரலைன்னா இது யாரு? வெள்ளையா, வழவழன்னு, வைக்கோல்ல கிடக்கு. இன்னும் பிறக்கல. எங்க சனத்துல இதுக்குப் பேரு முட்டை."

ஞானப்பூ கையை நீட்டினாள். செம்பி ஒரு கொத்துக் கொத்தியது.

சந்தியாகு வந்து கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஏட்டி, ஒரு கோழிக்குப் பதில் சொல்லத் தெரியலையா ஒனக்கு?"

"நீங்க சொல்லுங்களேன் பாப்போம்."

அவன் குடில் முன்னால் குந்தி உட்கார்ந்தான். "இங்க பாரு செம்பி. அவரு என்னைக்கோ பிறந்துட்டாரு. ரொம்பக் காலத்துக்கு முன்னாடி."

"அப்போ இப்ப எவ்வளவு பெரிய ஆளா இருப்பாரு?"

"பெரிய ஆளாகி, செத்து, உயிர்த்தும் போயிட்டாரு."

"உயிர்த்தவரு மறுபடியும் எதுக்குப் பிறக்காரு?"

சந்தியாகு தலையைச் சொறிந்துகொண்டே வலை தைக்கப் போனான். அன்று அவன் போட்ட முடிச்செல்லாம் தப்பாக விழுந்தது.

கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரைக் கூட்டிவந்தார்கள். மிக்கேல் உபதேசியார் ஞானோபதேசம் முழுவதையும் மனப்பாடமாக வைத்திருந்தவர். செம்பியைப் பார்த்து, "குடிலை அசுத்தம் பண்ணுறியே, நியாயமா?" என்றார்.

"மாடும் கழுதையும் நிக்கிற தொழுவத்துல நான் என்ன புதுசா அசுத்தம் பண்ணிட்டேன் உபதேசியாரே?"

அவர் இருமினார். "ஒவ்வொரு வருசமும் ஞாபகத்துக்காகப் பிறக்கிறார் என்று வைத்துக்கொள்."

"வச்சுக்கிறேன். எத்தனை மணிக்கு?"

இங்கேதான் உபதேசியாரும் மாட்டிக்கொண்டார். அந்த ஊருக்குத் தனியாகப் பூசை வைக்கும் சாமியார் கிடையாது. அடுத்த ஊர்ச் சாமியார் திருநாள் இரவில் அங்கே நடுச்சாமப் பூசையை முடித்துவிட்டு மாட்டுவண்டியில் வருவார். அதனால் அடுத்த ஊரில் பாலன் நடுச்சாமத்தில் பிறப்பார். இவர்கள் ஊரில் கோழி கூவும் நேரத்தில்தான் பிறப்பார். அதைச் சொன்னதும் செம்பி நிம்மதியாகக் கண்ணை மூடியது.

"சரியாத்தான் இருக்கு. சில முட்டை முந்தும், சில முட்டை பிந்தும்."

"நான் யோசித்துச் சொல்கிறேன்" என்று உபதேசியார் குடையை எடுத்துக்கொண்டார். "அதுவரை யாரும் அதைத் தொடாதீர்கள்." குடையை விரித்தார். வெளியே மழையும் இல்லை, வெயிலும் இல்லை. மறுபடியும் மடக்கிக்கொண்டு போனார்.

நாள் போகப் போக, செம்பி பாதியாக இளைத்தது. விடியும்போது ஒருமுறை இறங்கி நாலு நெல்மணி பொறுக்கி, தண்ணீர் குடித்து ஓடிவரும். கொண்டை வெளுத்துவிட்டது. சாயங்காலம் மன்றாட வந்தவர்கள் யாரை நோக்கி முழந்தாளிடுவது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பழகிவிட்டது. "வாரும்" என்று அவர்கள் சொல்லும்போதெல்லாம் செம்பி தன் அலகால் பாலனை மெதுவாகத் திருப்பி வைக்கும்.

திருநாளுக்கு முந்தின சாயங்காலம் அருளப்பன் தோணியில் வந்து இறங்கினான். அக்காவும் தம்பியும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுது முடித்து அவன் கேட்ட முதல் கேள்வி, "குழம்பு எப்பக்கா?"

ஞானப்பூ மூலையைப் பார்த்தாள். சந்தியாகு கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தான். அவள் செம்பியைத் தூக்கக் குனிந்தாள். இந்தமுறை அது கொத்தவில்லை.

"அம்மா, நீங்க என் முட்டையெல்லாம் எடுத்தீங்க. நான் ஒண்ணும் கேக்கல. விடியக்காலம் பிறக்கும்னு உபதேசியாரே சொன்னாரு. இப்ப எந்திரிச்சா உள்ள இருக்கிறது குளிர்ந்து செத்துப்போகும். இது பிறக்கட்டும். பிறந்ததும் நானே வந்து கழுத்தைக் குடுக்கிறேன்."

ஞானப்பூ தம்பியைப் பார்த்தாள். எத்தனை வருடம் கழித்து வந்திருக்கிறான். செம்பியைப் பார்த்தாள். அது பீங்கான், உள்ளே ஒன்றுமே இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், கொல்லைக்குப் போய்க் கோழி அடைக்கும் பஞ்சாரத்தைத் தூக்கிவந்து, குடிலையும் கோழியையும் சேர்த்து மூடும்படி கவிழ்த்து, அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"விடியட்டும்" என்றாள்.

"கோழிக்குப் பைத்தியம்னா வீட்டுக்காரிக்குமா?" என்றான் சந்தியாகு.

"கடல் தாண்டி வந்தது கருவாடு திங்கவா அக்கா?" என்றான் அருளப்பன்.

"ஆமா, கருவாடுதான். கத்தரிக்காயும் போட்டிருக்கேன். உக்காரு."

கோழி கூவும் நேரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. கோயில் மணி அடித்தது. ஞானப்பூ பஞ்சாரத்தைத் தூக்கினாள். செம்பி தள்ளாடிக்கொண்டு எழுந்து நின்றது.

"பிறந்தாச்சா?"

"பிறந்தாச்சு" என்றாள் ஞானப்பூ.

செம்பி குனிந்து பார்த்தது. வலது கண்ணால் பார்த்தது. தலையைச் சாய்த்து இடது கண்ணால் பார்த்தது. பீங்கான் அப்படியே இருந்தது. "ஓடு உடையலையேம்மா?"

அருளப்பன் குனிந்து பாலனை எடுத்தான். எடுத்தவன் திடுக்கிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, சுடுது. கடையில வாங்கும்போது பச்சைத் தண்ணியா இருந்துச்சு. இது... பச்சப்புள்ள உடம்பு மாதிரி சுடுது."

சந்தியாகு வாங்கிப் பார்த்தான். அவன் முகம் மாறியது. சிரிப்பதா, முழந்தாளிடுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. "ஆறிடப்போகுது, ஆறிடப்போகுது" என்று நெஞ்சோடு அணைத்து, மனைவியிடம் கொடுத்தான். அவள் தன் கைச் சூட்டையும் கொடுத்துவிட்டு, வைக்கோலில் படுக்க வைத்தாள். அங்கே கோழி உட்கார்ந்திருந்த குழி அப்படியே இருந்தது.

செம்பி சந்தியாகுவின் காலடிக்கு வந்து கழுத்தை நீட்டியது. "பிறந்தாச்சுன்னு சொல்றீங்க. எனக்கு விளங்கல. ஆனா பேச்சு பேச்சுதான்."

சந்தியாகு கத்தியைக் கொண்டுபோய் வட்டலப்பத்துக்குத் தேங்காய் உடைத்தான். கத்தி முதுகால் ஒரே அடி, இரண்டாகப் பிளந்தது. "நான்தான் கருவாடுன்னா உயிரை விடுவேனே" என்றான் அருளப்பன். அது பொய் என்று எல்லோருக்கும் தெரியும்.

உபதேசியார் பூசைக்கு வரும் வழியில் எட்டிப் பார்த்தார். செம்பி அவரிடமும் கேட்டது: "பிறந்தவரு எங்க?" அவர் குடிலைக் காட்டினார். கையைக் காட்டினார். நெஞ்சைக் காட்டினார். பிறகு, "மணி அடித்துவிட்டது" என்று வேகமாகப் போய்விட்டார். கேட்டதற்குச் சரியான பதில் கிடைக்காததால், செம்பி அதற்குப்பின் மனிதர்களோடு பேசுவதையே விட்டுவிட்டது.

எங்கள் பக்கத்து வீடுகளில் திருநாள் மணி அடிக்கும்வரை குடிலின் நடுவில் வைக்கோல் குழி வெறுமையாக இருப்பதும், பாலனைக் கோழிக்கூடையில் ஒளித்து வைப்பதும், மணி அடித்ததும் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் வாங்கி நெஞ்சோடு அணைத்துச் சூடேற்றிய பிறகே படுக்க வைப்பதும், அடையிலிருக்கும் கோழியைத் திருநாளுக்கு அறுக்காததும் அன்று முதல்தான். கோழிகள் நம்மைக் கண்டால் நின்று, தலையைச் சாய்த்து, முதலில் ஒரு கண்ணாலும் பிறகு மறு கண்ணாலும் பார்ப்பதும் அன்று முதல்தான். அவை இன்னும் அந்தப் பதிலுக்குக் காத்திருக்கின்றன.