உப்பளத்துக்கு வந்த வண்டி

மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்க்கும் வண்டி அன்றுதான் முதன்முதலாக அந்த உப்பளத்துக்கு வந்தது. பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகவே இரண்டு பஸ் மாற வேண்டிய இடம்.

வண்டியின் டாக்டர் ஜெசிந்தாவுக்கு முப்பத்துநாலு வயது. அவளிடம் வேலை பழக வந்திருந்த சண்முகவடிவு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்துப் பேச வேண்டியதை ஒரு வாரமாக எழுதி எழுதித் திருத்தியிருந்தாள்.

மைக்கில் ஒரு மணி நேரம் பேசினாள். நன்றாகவே பேசினாள். பெண்கள் தலையில் உப்புப் பெட்டியோடு அவளைக் கடந்து போனார்கள், வந்தார்கள். ஒருத்தியும் நிற்கவில்லை.

"இவங்களுக்குப் பயமா டாக்டர், வெட்கமா?" என்று கேட்டாள் வடிவு.

ஜெசிந்தா செருப்பைக் கழற்றிவிட்டு உப்புப் பாத்திக்குள் இறங்கினாள். எதிரே சுமையோடு வந்த பேச்சித்தாய் என்பவளின் பெட்டியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"படம் எடுக்கிறது பொம்பளப் பிள்ளதான். பத்து நிமிசம். நீங்க வர்ற வரைக்கும் நான் சுமக்கேன்."

பேச்சித்தாய் திகைத்து நின்றாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தாள்.

வடிவு மைக்கை அணைத்தாள். அடுத்தவளின் பெட்டியை அவள் வாங்கினாள். மூன்றாவது நடையிலேயே கழுத்து நொந்தது, உப்புத் தண்ணீர் கண்ணில் வழிந்தது. அதற்குள் திரும்பி வந்துவிட்ட பேச்சித்தாய் இன்னொருத்தியின் சுமையை மாற்றிக்கொண்டாள்.

"நீ போ மதினி. நான் பார்த்துக்கிடுதேன்."

அப்புறம் யாரும் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஒருத்தி இறங்க ஒருத்தி ஏற, மதியத்துக்குள் வண்டி வாசலில் கேலியும் சிரிப்புமாக வரிசை நீண்டுவிட்டது.

சாயங்காலம் வரை முப்பத்திரண்டு பேர். பேச்சித்தாயின் படத்தில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி. கைக்குத் தட்டுப்படாத அளவு. ஜெசிந்தா அவளைத் தனியே உட்காரவைத்து நிதானமாக எடுத்துச் சொன்னாள். ஊசி குத்திச் சோதித்தால்தான் இன்னதென்று தெரியும், நோயாகவே இருந்தாலும் இந்த அளவில் பிழைக்க வழி அதிகம் என்றாள். பேச்சித்தாய் வெளியே வந்து தானே மற்றவர்களிடம் சொன்னாள். திங்கட்கிழமை அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது யார் என்று பெண்கள் போட்டி போட்டார்கள்.

வடிவின் தங்கைக்கு இந்த நோய் தெரியவந்தபோது கட்டி எலுமிச்சை அளவு வளர்ந்திருந்தது.

வண்டி கிளம்பியும் வடிவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"நாளைக்கு எந்த ஊரு, டாக்டர்?"

"பனையோலை முடையுற ஊரு."

"அங்க நான் என்ன பேசட்டும்?"

ஜெசிந்தா அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்கு ஓலை முடையத் தெரியுமா, டீச்சர்?"