உடும்பின் கண்ணுக்குக் கட்டிய தட்டி

குளக்கரைக் காட்டில் கட்டட வேலை என்றால் கரடி மேஸ்திரிதான். உருவம் பெரிது. குரல் அதைவிடப் பெரிது. மனம் மட்டும் கொஞ்சம் சின்னது. யாராவது வேலையில் ஒரு குறை சொல்லிவிட்டால், அன்றைக்கு அவருக்குத் தேன்கூடத் தொண்டையில் இறங்காது.

போன மழையில் குளம் கரை தாண்டி வந்தது. முயல் வளைகள் முழுகின. எலி வளைகள் முழுகின. சில குட்டிகள் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் வெயில் தணிந்ததும் எல்லா விலங்குகளும் கூடி, "அடுத்த மழைக்குள் மருதமரக் கிளைகளின்மேல் ஒரு பெரிய பரண் வேண்டும். தண்ணீர் வந்தால் குட்டிகள் அங்கே ஏறிக்கொள்ளட்டும்" என்று முடிவு செய்தன.

"நானிருக்கேன்!" என்று மார்தட்டினார் கரடி மேஸ்திரி.

உயரத்தில் வேலை என்றால் சாரம் வேண்டுமே! மருதமரத்தை ஒட்டி மூங்கில் நட்டார்கள். குறுக்கு மூங்கில் வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். நடக்கப் பலகை போட்டார்கள். சாரம் ஆடாமலிருக்க அதை மரத்தோடு சேர்த்தும் இறுக்கிக் கட்டினார்கள். கட்டியவன் குரங்கு. மண் சுமந்தவள் அணில். உச்சியில் நின்று பரணுக்கு மண் பூசியவள் மேஸ்திரியின் மனைவி கருப்பாயி. அவள் கை போல வழவழப்பாகப் பூச அந்தக் காட்டில் வேறு கை இல்லை.

இத்தனை பேர் உயரத்தில் வேலை செய்வதால், சாரத்தைச் சோதிக்க உடும்பக்காவை நியமித்திருந்தது காட்டுச் சபை. அவள் வந்து பார்த்தால் சும்மா பார்த்துவிட்டுப் போகமாட்டாள். ஒவ்வொரு கயிற்றுக் கட்டையும் பிடித்துப் பார்ப்பாள். உடும்புப் பிடி என்றால் சும்மாவா!

முதல் முறை அவள் வந்தபோது மேஸ்திரி வேலையிடத்து வாசலில் மாவிலை கட்டியிருந்தார்.

"வாங்க, வாங்க! முதல்ல இளநீர் சாப்பிடுங்க."

"இளநீரைக் கீழே வைங்க மேஸ்திரி. மேலே போயிட்டு வந்துடறேன்."

ஏறினாள். இரண்டாம் தட்டில் ஒரு கட்டைப் பிடித்து ஆட்டினாள். கட்டு கையோடு வந்துவிட்டது.

"குரங்குத் தம்பி! இது என்ன, சாரத்துக்குக் கட்டினதா, ஊஞ்சலுக்குக் கட்டினதா?"

"நேத்துத்தான் இறுக்கினேன், அக்கா! சத்தியமா!"

"சத்தியத்தை அப்புறம் பண்ணு. கட்டை இப்பப் பண்ணு!"

கரடி மேஸ்திரியின் காது மடல் சிவந்தது. கருப்பு மயிருக்கு நடுவே அது யாருக்கும் தெரியவில்லை. அவ்வளவுதான் ஆறுதல்.

மறுநாள் மேலேயிருந்து ஒரு மண்சட்டி நழுவி மேஸ்திரியின் கால் விரலில் விழுந்தது. ஒற்றைக்காலில் குதித்தார். அணில் ஓடிவந்து விரலை ஊதினாள்.

"கண்ணு பட்டிருக்கும் மேஸ்திரிண்ணே! காடே இந்தப் பரணைத்தானே பேசுது!"

இதைக் கேட்டதும் மேஸ்திரிக்கு விரல்வலி பாதி குறைந்தது. கட்டு தளர்ந்தது என்றால் கட்டியவன் கையைப் பார்க்க வேண்டும். கட்டச் சொன்னவன் மூஞ்சியையும் பார்க்க வேண்டும். கண் பட்டது என்றால் யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை! இத்தனை சௌகரியமான காரணம் கிடைத்தால் யார்தான் விடுவார்?

அன்றே ஒரு பூசணிக்காயைச் சுற்றி உடைத்தார். எலுமிச்சையும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டார். வைக்கோலால் ஒரு திருஷ்டி பொம்மை செய்து, கரியால் மீசை வரைந்து, நாக்கைத் துருத்தவிட்டு, சாரத்தின் உச்சியில் கட்டினார். பொம்மையின் முகம் மேஸ்திரியின் முகம் போலவே இருந்தது. அதை அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

இரண்டாம் முறை உடும்பக்கா வந்தாள். பொம்மையை நிமிர்ந்து பார்த்தாள்.

"பொம்மைக்குப் போட்ட முடிச்சு நல்லா இருக்கு மேஸ்திரி. எல்லா முடிச்சும் இப்படி இருந்தா எனக்கு இங்கே வேலையே இல்லை."

பிறகு ஒரு பலகையைத் தட்டிப் பார்த்து, "இது உளுத்துப் போச்சு" என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, பலகை மடாரென்று இரண்டாகப் பிளந்தது!

அன்று சாயங்காலம் கரடி மேஸ்திரி மனைவியிடம் ரகசியக் குரலில் பேசினார். அவருடைய ரகசியக் குரல் குளத்தின் எதிர்க்கரைக்குக் கேட்கும்.

"கருப்பாயி! எனக்கு விளங்கிப் போச்சு. வேற யார் கண்ணும் இல்லை. அந்த உடும்பு கண்ணுதான்! அவ கட்டைப் பார்த்தா, கட்டு அவிழுது. பலகையைப் பார்த்தா, பலகை உடையுது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க?"

கருப்பாயி கை மண்ணைக் கழுவிக்கொண்டே சிரித்தாள்.

"அப்படியா? அப்ப அவளைப் பாறை உடைக்கிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. பார்த்தாலே பாறை பொடிப்பொடியாகும். சம்மட்டி தூக்குற காட்டுப்பன்றி கொஞ்சம் உக்காரட்டும், பாவம்!"

"எல்லாம் உனக்கு விளையாட்டு!"

"மேலே நிக்கிறது நானுங்க. எனக்கு எப்படி விளையாட்டாகும்?"

இந்தக் கேள்வி மேஸ்திரியின் காதில் விழுந்தது. மனதுக்குள் போகவில்லை. அங்கே ஏற்கெனவே ஒரு பெரிய யோசனை உட்கார்ந்திருந்தது.

மறுநாள் குரங்கைக் கூப்பிட்டார்.

"டேய்! சாரத்தைச் சுத்தி, அடியிலிருந்து உச்சி வரைக்கும் ஓலைத் தட்டி கட்டுடா. ஒரு ஓட்டை இருக்கக்கூடாது. உடும்பு கண்ணு உள்ளே போகக்கூடாது!"

குரங்குக்கு மகிழ்ச்சி. அவனும் அந்தக் கண்ணுக்குப் பயந்தவன்தான். மளமளவென்று தட்டிகளைக் கட்டினான். முக்கால் பாகம் முடிந்ததும் கயிறு தீர்ந்துவிட்டது.

"கயிறு இல்லை மாமா!"

"நாரெடுத்துக் கயிறு திரிக்கிறதுக்குள்ளே மழையே வந்துடும். எங்கேயாவது எடுடா!"

"சாரத்தை மரத்தோட சேர்த்துக் கட்டியிருக்கே, அந்தக் கயிறு இருக்கு. சாரம் தன் காலிலேதானே நிக்குது? மரத்துக்கு அங்கே என்ன வேலை?"

மேஸ்திரி ஒரு நிமிஷம் தலையைச் சொறிந்தார். அந்த ஒரு நிமிஷத்தில் அவருக்கு எல்லாம் தெரிந்தது. தெரிந்தேதான் சொன்னார்:

"அவிழ்த்துக் கட்டு. பின்னாடி பார்த்துக்கலாம்."

தட்டி கட்டிய சாரம் பார்க்க அழகாக இருந்தது. உள்ளே என்ன தளர்ந்தது, எது விரிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. மேஸ்திரிக்கும் தெரியவில்லை. வெகு நாள் கழித்து அன்றிரவு அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

மூன்றாம் முறை உடும்பக்கா வந்தபோது வானம் கறுத்துக் கிடந்தது. தும்பிகள் தாழப் பறந்தன. கருப்பாயி உச்சியில் நின்று கடைசிப் பூச்சைப் பூசிக்கொண்டிருந்தாள். அணிலும் குரங்கும் அவளோடு மேலே இருந்தார்கள்.

மேஸ்திரி இரு கைகளையும் விரித்து வழிமறித்தார்.

"நீங்க பார்க்கக்கூடாது, அம்மா!"

"ஏன் மேஸ்திரி?"

"தப்பா நினைக்காதீங்க. உங்க கண்ணு கொஞ்சம் பொல்லாத கண்ணு. பார்த்ததெல்லாம் கழண்டு விழுது."

உடும்பக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பல வேலையிடங்களில் பல பேச்சுக் கேட்டவள்தான். இது புதிது. மனதுக்குள் ஏதோ ஓர் இடம் வலித்திருக்க வேண்டும். ஆனால் அவள் சிரித்தாள்.

"கண்ணுதானே பயம்? சரி, மூடிக்கிறேன். கைக்கு ஒண்ணும் திருஷ்டி இல்லையே?"

மேஸ்திரியின் விரித்த கைகள் தாமாகவே இறங்கின. உடும்பக்கா கண்களை இறுக மூடிக்கொண்டு, தட்டியை விலக்கி உள்ளே ஏறினாள். அணில் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "மூடித்தான் இருக்கா மேஸ்திரிண்ணே! ஓரக்கண்ணுகூட இல்லை!" என்று கத்தினாள்.

இருட்டில் உடும்பக்காவின் குரல் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

"இந்தக் கட்டு தளர்ந்திருக்கு... இதுவும் தளர்ந்திருக்கு... இது பரவாயில்லை..."

பாதி உயரத்தில் குரல் நின்றது.

"மேஸ்திரி, மரத்தோட சேர்த்து இங்கே ஒரு கட்டு இருந்ததே? என் கைக்கு அகப்படலையே! எங்கே?"

 பதிலைக் காற்று சொன்னது.

காட்டுப் பக்கமிருந்து ஒரே வீச்சாக வந்து தட்டியில் மோதியது. திறந்த சாரமாக இருந்திருந்தால் மூங்கில்களுக்கு நடுவே புகுந்து போயிருக்கும். இப்போது போக வழியில்லை. தட்டி பாய்மரம் போல உப்பியது. சாரம் முழுவதும் மரத்தைவிட்டு விலகி, குளத்தின் பக்கம் சாய்ந்தது.

"ஏங்க!" என்று கருப்பாயியின் குரல் உச்சியிலிருந்து கேட்டது. அதில் சிரிப்பு இல்லை.

உடும்பக்கா கண்ணைத் திறந்தாள். வாலாலும் பின்னங்கால்களாலும் மருதமரத்தை வளைத்துப் பிடித்தாள். முன்னங்கால்களால் சாரத்தின் மூங்கிலைப் பற்றினாள். கயிறு இருக்க வேண்டிய இடத்தில் இப்போது உடும்பு இருந்தது.

"கிளைக்குத் தாவுங்க எல்லாரும்!" என்று கத்தினாள். "மேஸ்திரி! நின்னு பார்க்காதீங்க. தட்டியைக் கிழிங்க! காத்துக்கு வழி விடுங்க!"

அப்போதுதான் கரடி மேஸ்திரிக்கு உடம்பு அசைந்தது. பாய்ந்தார். அத்தனை ஆசையாகக் கட்டிய தட்டியைப் பத்து நகங்களாலும் கிழித்தார். தொங்கிய கயிறுகளைப் பிடித்து இழுத்தார். மேல்தட்டிகள் சரசரவென்று அவர் தலையில் விழுந்தன. காற்று உள்ளே புகுந்து மறுபக்கம் போனது. சாரம் சாய்வதை நிறுத்தி நடுங்கிக்கொண்டு நின்றது. குரங்கு தாவினான். அணில் தாவினாள். கருப்பாயி மட்டும் பூசுகரண்டியை விடாமல், மெதுவாகக் கிளைக்கு மாறினாள்.

"ஏறிட்டேன் அக்கா! விடுங்க!"

உடும்பக்கா விட்டாள். சாரம் அப்படியே குளத்தில் போய் விழுந்தது.

 பிறகு தண்ணீரில் ஏதோ மிதந்து கரைக்கு வந்தது. மீசை அழியவில்லை. நாக்கு அப்படியே துருத்திக்கொண்டிருந்தது.

"மேஸ்திரிண்ணே! பொம்மைக்கு ஒண்ணும் ஆகலை!" என்றாள் அணில்.

கரடி மேஸ்திரி பொம்மையைப் பார்த்தார். முதல் முறையாக அது யார் முகம் என்று அவருக்கே தெரிந்தது. மரத்தடிக்கு மெல்லப் போய் நின்றார். உடும்பக்காவின் முன்னங்காலில் இரண்டு நகங்கள் பெயர்ந்துபோயிருந்தன. அவள் அதை நக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கட்டை அவிழ்க்கச் சொன்னது நான்தான், அம்மா. குரங்கு இல்லை."

"தெரியும் மேஸ்திரி. சாரம் கட்டுறவனுக்கு அவ்வளவு தைரியம் வராது."

பரணைச் சாரத்தின்மேல் இல்லாமல் மரக்கிளைகளின்மேல் போட்டிருந்ததால் அது பிழைத்தது. ஆனால் ஒரு பக்கம் பூசாமலே மழை வந்துவிட்டது. குட்டிகள் பூசிய பக்கமாக நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தன. ஒழுகிய பக்கத்தில் ஓலையைத் தலைமேல் பிடித்தபடி மழைக்காலம் முழுவதும் ஒருவர் நின்றார். அது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மழை விட்டதும் புதிய சாரம் எழும்பியது. பொம்மை இல்லை. தட்டி இல்லை. உடும்பக்காவின் பிடி முன்போல் இல்லை. ஏறும்போது ஒரு கால் சறுக்கும். அதனால் மேஸ்திரியே அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு கட்டுக்கும் போனார்.

"நல்லாக் கண்ணு வச்சுப் பாருங்க, அம்மா! அவசரமே இல்லை!"

கருப்பாயி மேலேயிருந்து குரல் கொடுத்தாள்: "கல்லடி பட்டாலும்...?"

"சும்மா பூசுடி!" என்றார் மேஸ்திரி.

குறையைக் காட்டும் கண்ணுக்குத் திரை கட்டுகிறவன் குறையை மறைப்பதில்லை. தன்னை நம்பி மேலே நிற்பவர்களின் உயிரைத்தான் அவிழ்த்துவிடுகிறான்.