பூனைக்கு வாய்த்த மடக்குக்கத்தி

அந்தக் காலத்தில், அதாவது மிருகங்களும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசி ஒருவரையொருவர் நன்றாகக் கடுப்பேற்றிக்கொண்டிருந்த காலத்தில், யாருக்கும் நகமோ பல்லோ கூடவே பிறக்கவில்லை. வேண்டியவர்கள் கொல்லுப் பட்டறைக்குப் போய்ச் செய்து வாங்கிக்கொள்ள வேண்டும். பட்டறை செங்கோடனுடையது. ஒரு பாறை மேட்டின் அடியில், வேப்பமரத்தை ஒட்டிக் கூரை போட்டிருந்தான். அவன் சம்மட்டி அடிப்பான். அவன் மனைவி பாவாயி தோல் துருத்தியை அமுக்கி உலைக்குக் காற்றுக் கொடுப்பாள்.

நண்டு இரண்டு குறடு வாங்கிப் போனது அங்கேதான். மரங்கொத்தி உளி வாங்கியதும், முள்ளம்பன்றி ஊசிகளைக் கட்டுக்கட்டாக முதுகில் ஏற்றிக்கொண்டு போனதும் அங்கேதான். பட்டறைக்கு ஒரு வழக்கம் இருந்தது. செய்த சாமானை முதலில் தோல்வாரால் உடம்பில் கட்டிவிடுவான். ஒரு நாள் போட்டுப் பார்க்கலாம். பிடிக்கவில்லை என்றால் அவிழ்த்துக் கொடுத்துவிட்டு வேறு கேட்கலாம். "நல்லாருக்குது" என்று வாயால் சொல்லிவிட்டால் ஆணி அடித்து இறுக்கிவிடுவான். ஆணி அடித்தபிறகு திருப்பி வாங்குகிற பேச்சே கிடையாது.

நாயெல்லாம் எவ்வளவு தங்கமான வாடிக்கை. வந்தது, ஏதோ ஒன்று கொடுங்கள் என்றது, கொடுத்த கத்திகளைப் பார்க்கக்கூட இல்லை, நல்லாருக்குது நல்லாருக்குது என்று வாலை ஆட்டியது, ஆணி அடித்துக்கொண்டு போய்விட்டது. அப்படிப்பட்டவர்களைத்தான் செங்கோடனுக்குப் பிடிக்கும். பாராட்டு என்றால் அவனுக்கு அவ்வளவு உயிர்.

அந்த ஆசைதான் எலிகள் விஷயத்தில் அவனைக் கவிழ்த்தது. அவை கேட்டது வாயில் வைக்கச் சின்னதாக ஓர் உளி. கொடுத்து அனுப்பியிருக்கலாம். இவனோ தன் கைத்திறமையைக் காட்டுகிறேன் என்று, தேயத்தேய வளர்கிற உளியாகச் செய்து கொடுத்தான். இவ்வளவு கூரான உளியை வைத்து இந்த எலிகள் எதை அறுக்கப் போகின்றன என்று பாவாயி அப்போதே கேட்டாள். அது அவர்கள் பாடு என்று சொல்லிவிட்டான்.

அது யார் பாடு என்பது ஒரே மாதத்தில் தெரிந்தது. எலிகள் அவன் துருத்தியையே அறுத்தன. நல்ல எருமைத் தோல், எண்ணெய் ஊறிய தோல், அவற்றுக்கு விருந்து மாதிரி இருந்தது. உச்சி வெயிலில் புருஷனும் பெண்டாட்டியும் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரமாகப் பார்த்து வந்து தின்றன. பழைய துருத்தி போயிற்று. மாற்றுக்கு வைத்திருந்த துருத்தியும் போயிற்று. மிச்சமிருந்த ஒரே தோலை வெட்டித் தைத்து மூன்றாவதை மாட்டியிருந்தார்கள். அதுவும் போனால் உலையில் நெருப்பு நிற்காது. ஆடி மாசம் நெருங்கிக்கொண்டிருந்தது. சுற்றுப்பட்டு ஊர்களின் ஏர்க்கொழுக்கள் அறுபதுக்கு மேல் சுவரில் சாய்ந்து கிடந்தன. அவற்றைக் காய்ச்சி அடித்துக் கொடுக்காவிட்டால் மழை வந்தும் யாரும் உழ முடியாது. அத்தனை பேர் அடுப்பும் இந்த ஒரு தோலில் தொங்கியது.

நாயைக் காவலுக்கு வைத்துப் பார்த்தார்கள். அது பாறையில் நடந்தால் டக்டக்கென்று கத்திச் சத்தம் எட்டு வீட்டுக்குக் கேட்கும். எலிகள் சாவகாசமாக எழுந்து வளைக்குள் போய், அது அலுத்துத் தூங்கியதும் திரும்பி வந்தன.

அப்புறம்தான் பாவாயி பூனையைக் கூட்டிவந்தாள். பூனை அப்போது கிளுவைமுள் வேலிக்குள் மூன்று குட்டிகளோடு குடியிருந்தது. வெறுங்கையால் வெட்டுக்கிளி பிடித்துத் தின்று எலும்பும் தோலுமாக இருந்தது. எலிகளைப் பிடித்துக் கொடுத்தால் போதும், கத்திக்கு வேறெதுவும் தரவேண்டாம் என்று பாவாயி சொல்லியிருந்தாள். பூனை வந்து, காலை ஒழுங்காகச் சேர்த்து வைத்து, வாலைச் சுற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. அதன் மரியாதையைப் பார்த்துச் செங்கோடனுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. பாவம், அதுதான் கடைசிக் குளிர்ச்சி.

பூனைக்கு நாலு காலுக்கும் சேர்த்துப் பதினெட்டுக் கத்தி வேண்டும். நாயின் அளவிலேயே பதினெட்டையும் அடித்து, தோல்வாரால் கட்டிவிட்டான். மறுநாள் காலையில் பூனை வந்தது.

"எல்லாம் சரிதானுங்க ஆசாரியாரே," என்றது. "ஆனா நடந்தாச் சத்தம் வருதுங்க."

நியாயம்தான். நாய்க்கு நேர்ந்தது நினைவிருக்கவே செங்கோடன் தலையாட்டினான். ஆனால் பூனை அத்தோடு எழுந்து போகவில்லை. கல்லில் உரசி முனை மழுங்கிவிடுகிறது, குட்டிகளைத் தடவினால் கீறிவிடுகிறது, ஆகவே நீட்டிக்கொண்டு நிற்கிற கத்தி தனக்கு ஆகாது என்றது. அதற்காகக் கத்தி இல்லாமலும் ஆகாது. இருக்கவும் வேண்டும், இருக்கவும் கூடாது.

செங்கோடன் பாவாயியைப் பார்த்தான். வெற்றிலைக்குப் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தவள், கையிலிருந்த பாக்குவெட்டியை ஒருமுறை திறந்து மூடிக் காட்டினாள். அதேபோலக் கத்தியை ஓர் அச்சில் கோத்து, வேண்டும்போது நீட்டி, வேண்டாதபோது மடக்கிக்கொள்ளலாமே என்றாள். அதுவரை உலகத்தில் மடக்குக்கத்தி என்று ஒன்று கிடையாது. செங்கோடன் இரண்டு நாள் கண் விழித்துப் பதினெட்டு மடக்குக்கத்தி செய்தான். செய்து முடித்து, தானே அசந்துபோய்ப் பத்துத் தடவை மடக்கி மடக்கிப் பார்த்தான்.

பூனை அதைக் கட்டிக்கொண்டு பட்டறைக் கதவு நிலையில் ஏறிப் பிறாண்டிப் பார்த்தது. வேங்கை மரத்தில் இழைத்த நிலை, செங்கோடனின் அப்பன் நிறுத்தியது. அதில் வரிவரியாகக் கோடு விழுந்தது. செங்கோடன் பல்லைக் கடித்துக்கொண்டான். அப்புறம் பூனை பனைமரத்தில் ஏறப் போயிற்று. பாதி உயரத்தில் கத்திகள் தாமாகவே மடங்கிக்கொண்டன. சறுக்கிக்கொண்டு கீழே வந்து, விரலையும் வெட்டிக்கொண்டு, நொண்டியபடி திரும்பியது.

"எல்லாம் சரிதானுங்க. ஆனா பாரம் விழுந்தா மடங்கிக்குதுங்க."

விரித்தால் விரித்தபடி நிற்க, ஒவ்வொன்றிலும் ஒரு வில்தகடு வைத்துத் திரும்பச் செய்தான். கனம் கூடிவிட்டது, தாவ முடியவில்லை என்று பூனை திருப்பிக் கொடுத்தது. தேய்த்து மெலிசாக்கினான். கிணற்றுப் பாறையில் ஏறியபோது வளைந்துவிட்டதாம். பதமாகக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்துக் கொடுத்தான். அதற்கு ஒரு குறையும் இல்லையே என்று நிம்மதியாக மூச்சுவிட்டபோது, மழையில் நனைந்தால் துருப்பிடிக்குங்களா என்று கேட்டது. எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொள் என்றான். எண்ணெய்க்கு எங்கே போவேன் என்றது. எச்சிலைப் போட்டு நக்கு என்று எரிந்து விழுந்தான். பூனை அதையும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டு, உடனே முன்காலைத் தூக்கி நக்க ஆரம்பித்தது. கிண்டலா நிஜமா என்று அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

இந்த லட்சணத்தில் ஒவ்வொரு தடவையும் பதினெட்டு. ஒவ்வொரு தடவையும் அந்த நிலையில் ஏறி ஒரு பிறாண்டல். விரட்டிவிடலாம் என்றால் எலிகளைப் பிடிக்க வேறு ஆள் கிடையாது. கொழு அடிக்க வேண்டிய கரியெல்லாம் பூனைக் கத்திக்கே எரிந்துகொண்டிருந்தது. பட்டறைப் பக்கமே வராத பல்லிகூட வந்து, பூனைக்குக் கத்தி முடிந்ததா என்று விசாரித்துவிட்டுப் போனது.

"ஏனுங்க, அது கொறை சொல்லுறது எல்லாமே நெசந்தானுங்களே," என்றாள் பாவாயி ஒரு நாள்.

அதுதான் அவனை இன்னும் கொதிக்க வைத்தது. பொய்க் குறை என்றால் திட்டிவிட்டுத் தூங்கலாம். நிஜக் குறையை என்ன செய்வது?

ஆறாவது தடவை. ஆடி பிறக்க நாலு நாள்தான் இருந்தது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை கத்தி நிஜமாகவே நன்றாக வந்திருந்தது. லேசு, வளையாது, விரித்தால் அசையாது, மடக்கினால் இருப்பதே தெரியாது. செங்கோடன் பதினெட்டையும் தோல்வாரால் கட்டிவிட்டு, ஒரே ஒரு வார்த்தைக்காகப் பூனையின் வாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பூனை கதவு நிலைக்குப் போயிற்று. பிறாண்டியது. காதை ஒரு பக்கம் சாய்த்து யோசித்தது. இன்னொரு தடவை பிறாண்டியது.

நேரம் உச்சியைத் தொட்டிருந்தது. உள்ளேயிருந்து கரகரவென்று சத்தம் வந்தது. பாவாயி ஓடிப் பார்த்தாள். துருத்தியின் அடித்தையலில் ஏழெட்டு எலிகள் தொங்கிக்கொண்டிருந்தன. இவள் விளக்குமாற்றை ஓங்கியும் ஒன்றும் நகரவில்லை. ஒரு விரல் நீளம் ஏற்கெனவே கிழிந்திருந்தது. இன்னும் ஒரு சாண் கிழிந்தால் தோல் இரண்டாகப் போய்விடும்.

"அம்மணி, போதும், உள்ள ஓடு," என்று பூனையைப் பார்த்துக் கத்தினான் செங்கோடன்.

பூனை திரும்பிப் பார்த்தது.

"போறனுங்க. எல்லாம் சரிதானுங்க. ஆனா..."

அந்த ஆனாவுக்குப் பிறகு என்ன வந்திருக்கும் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. செங்கோடனுக்கு மூளை கொதித்துவிட்டது. பூனையைப் பிடரியோடு தூக்கினான். மடியில் குப்புறப் போட்டான். தோல்வாரை அறுத்து எறிந்துவிட்டு, பதினெட்டுக் கத்திக்கும் பதினெட்டு ஆணியை மளமளவென்று அடித்து இறுக்கினான். பட்டறை வைத்த நாளிலிருந்து, வாயால் சொல்லாத ஒருவருக்கு அவன் ஆணி அடித்தது அந்த ஒரு தடவைதான். அளவு பார்க்கவில்லை, திசை பார்க்கவில்லை. பதினெட்டின் வளைவும் ஒரே பக்கமாக, பின்னால் பார்த்து உட்கார்ந்துவிட்டது.

"இனி உன்ற ஆனாவை நீயே வச்சுக்க," என்று சொல்லிப் பட்டறைக்குள் வீசினான்.

பூனை சத்தமில்லாமல் நாலு காலில் இறங்கியது. எலிகளுக்கு அது வந்ததே தெரியவில்லை. பதினெட்டுக் கத்தியும் ஒன்றாக விரிந்தபோதுதான் தெரிந்தது, அப்போது தெரிந்து ஒரு பிரயோஜனமும் இல்லை. இரண்டு எலிகள் மட்டும் கூரை இடுக்கில் ஏறித் தப்பின. அவற்றின் வம்சம்தான் இன்று நம் வீட்டில் இருக்கிறது.

பாவாயி கிழிசலை அங்கேயே உட்கார்ந்து தைத்தாள். துருத்தி மறுபடி மூச்சு வாங்கியது. நாலு நாளும் சம்மட்டிச் சத்தம் ஓயவில்லை. முதல் மழை விழுந்த அன்று அத்தனை ஏரும் வயலில் இருந்தன.

அன்று சாயங்காலம் மழை விட்டதும், செங்கோடன் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். மனசு லேசாகியிருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. கேட்காமல் ஆணி அடித்தது தப்புதான் என்று பூனையிடம் சொல்லிவிட நினைத்தான். கத்தி எப்படி இருக்கிறது என்றும் அப்படியே கேட்டுவிடலாம். பூனையைக் காணவில்லை. வேப்பமரத்தின் உச்சியிலிருந்து பரிதாபமான குரல் கேட்டது.

மழையில் கத்தி வழுக்குகிறதா என்று பார்க்க ஏறியிருக்கிறது. ஏறும்போது ஒரு குறையும் இல்லை, கத்திகள் பட்டையில் அருமையாகக் கவ்வின. தலைகீழாக இறங்கப் பார்த்தால்தான் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. எல்லா முனையும் பின்னால் பார்த்து இருந்தது.

"ஏனுங்க ஆசாரியாரே," என்றது மேலேயிருந்து. "எறங்கறதுக்கு இது ஆவாதுங்களாட்ட இருக்குதுங்க."

"எறங்கோணும்னு நீ ஒரு நாளும் சொல்லலியே அம்மணி."

"ஆனான்னு ஆரம்பிச்சனுங்க. நீங்கதான் கேக்கலீங்க."

செங்கோடன் மரத்தை அண்ணாந்து பார்த்தான். ஆணி அடித்தாயிற்று. அதைப் பிடுங்க இந்த உலகத்தில் குறடு கிடையாது, அந்த வழக்கத்தை வைத்ததும் அவன்தான். போய் ஏணியை எடுத்துவந்தான். ஈரத்தில் வழுக்கி வழுக்கி ஏறினான். பூனை அவன் தோளில் இறங்கி உட்கார்ந்து, விழுந்துவிடாமல் இருக்கப் பதினெட்டையும் விரித்துப் பிடித்துக்கொண்டது. தோள் கிழிந்தது. கத்தி எவ்வளவு நல்ல கத்தி என்று அவனுக்கே அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. கீழே பாவாயி ஏணியைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.

குட்டிகளையும் கூட்டிவந்து பூனை உலைச் சாம்பலின் இளஞ்சூட்டில் படுத்துக்கொண்டது. போகச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. தோளுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டே செங்கோடன் கேட்டான்.

"இப்பவாச்சும் சொல்லு. கத்தி நல்லாருக்குதா இல்லியா?"

பூனை கண்ணை மூடி, ஒரு கத்தியை நீட்டியது, மடக்கியது, நக்கியது. யோசித்துச் சொல்வதாகச் சொன்னது. எழுந்துபோய் நிலையில் இன்னொரு தடவை பிறாண்டிப் பார்த்தது.

அன்று முதல்தான் பூனை நகத்தை மடக்கி வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் நடக்கிறது, மரத்தில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் நம்மைக் கூப்பிடுகிறது. நம் கதவையும் கட்டில் காலையும் அது பிறாண்டுவதைப் பார்த்து நாம் கத்துகிறோமே, வேறொன்றுமில்லை, செங்கோடன் கேட்டதற்குப் பதில் சொல்வதற்காக அது இன்னும் கத்தியைச் சோதித்துக்கொண்டிருக்கிறது.