மிச்சமிருந்த ஒன்று

கடனா நதி மலையை விட்டு இறங்கிச் சமதரைக்கு வருகிற இடத்தில் கோமதிநாயகம் என்றொரு சித்த வைத்தியர் இருந்தார். வயது நாற்பத்துநாலு. நாடி பார்ப்பார், கஷாயம் கொடுப்பார், தேவைப்பட்டால் தென்காசிக்குப் போய் ஸ்கேன் எடுத்து வரவும் சொல்வார். உடம்பைப் பற்றிக் கற்றுக்கொள்ள நாலைந்து பேர் அவருடைய வைத்தியசாலையிலேயே தங்கியிருந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி செண்பகவடிவு. குருவைவிடப் பத்து வயது மூத்தவள். ஐப்பசியில் அவள் கணவன் இறந்தான். தை பிறந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து நின்றாள்.

“எதுக்கு வந்தீக?” என்றார் கோமதிநாயகம்.

“உடம்புன்னா என்னன்னு படிக்கணும்.”

“படிச்சு?”

“அதுகிட்ட எனக்கு ஒரு கேள்வி இருக்கு.”

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. மருந்து இடிக்கும் அறைக்குப் பக்கத்து அறையை ஒழித்துக் கொடுத்தார்.

அவள் விடியும் முன் எழுந்து வாசல் பெருக்கினாள். நிலவேம்பு காயவைத்தாள், சுக்கு இடித்தாள். மற்றவர்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுப் போன பிறகு தனியாகச் சாப்பிட்டாள். அதுவும் நாலு வாய். ஊரிலிருந்து நாத்தனார் ஒரு தடவை தேடி வந்தாள். செண்பகவடிவு வாசலிலேயே நின்று பேசி அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. பேச வேண்டிய அவசியம் இல்லாமலே அவளுக்கு நாட்கள் போயின. சில நாள் சாயங்காலம் தன் குரல் எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருக்கும்.

ஒருநாள் காலைப் பாடத்தில் கோமதிநாயகம் கேட்டார்.

“நேத்து நல்ல வெயில். எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் சொன்னார்: “மூணு தடவை.”

“மழை பெய்ஞ்ச அன்னைக்கு?”

“ஏழெட்டு இருக்கும்.”

“ரெண்டு நாளும் ஒரே அளவு தண்ணிதான் குடிச்சீங்க. வெயில்ல தோல் அதை வேர்வையா விட்டுட்டுது. அது சிறுநீரகத்துக்குத் தெரிஞ்சு, இருக்கறதைப் பிடிச்சு வச்சுக்கிட்டுது. அதுக்கும் மேல குறைஞ்சா நாக்கு கேக்கும். நாம தாகம்னு சொல்லுதது அதைத்தான்.”

“எனக்குத் தாகமே எடுக்கல” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாடத்தில் செண்பகவடிவு பேசியது அதுதான் முதல் தடவை.

பாடம் முடிந்ததும் கோமதிநாயகம் அவளை உட்காரவைத்து நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். உலர்ந்து வெடித்திருந்தது.

“எழுந்திரிக்கும்போது கிறுகிறுன்னு வருதா?”

“வரும். சுவரைப் பிடிச்சுக்கிடுவேன்.”

“ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கீக?”

“ரெண்டு தம்ளர் இருக்கும்.”

“இது எத்தனை நாளா?”

அவள் சேலையை ஓரமாக விலக்கி இடப்பக்க விலாவைக் காட்டினாள். நீளமான ஒரு தழும்பு முதுகு நோக்கிப் போயிருந்தது.

“அவுகளுக்குச் சிறுநீரகம் ரெண்டும் பழுதாயிட்டு. வாரத்துக்கு மூணு நாள் மிஷின்ல போட்டுக் கிடந்தாக. என்னோடது பொருந்தும்னு சொன்னாக. குடுத்தேன்.”

“ம்.”

“அவுகளுக்கு முதுகுல வைக்கல. முன்னால, அடிவயித்துல வச்சுத் தைச்சாக. தொட்டா லேசாத் தட்டுப்படும். எங்களுக்குப் பிள்ளை இல்ல. அவுக வயித்தைத் தடவிக்கிட்டே சொல்லுவாக, ‘ஊர்ல பொண்டாட்டிதான் சுமப்பா, இங்க நான் பொண்டாட்டியைச் சுமக்கேன்’னு. நானும் படுக்கும்போது அந்த இடத்துல கையை வச்சுக்கிட்டுத்தான் தூங்குவேன். ஆறு வருஷம்.”

கோமதிநாயகம் அவள் மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை.

“ஐப்பசி அடைமழையில நெஞ்சுல சளி கட்டிக் காய்ச்சல் வந்துது. பதினோரு நாள். கடைசி நாள் டாக்டர் வெளிய வந்து சொன்னாரு, ‘நீங்க குடுத்தது இந்த நிமிஷம் வரைக்கும் நல்லா வேலை பாக்குதும்மா’ன்னு. அதை எதுக்குச் சொன்னாரோ. அது நல்லாத்தான் இருந்துருக்கு, ஐயா. அவுகதான் இல்ல. அதையும் சேர்த்து எரிச்சாச்சு.”

மலையிலிருந்து காற்று இறங்கிக் காயவைத்திருந்த இலைகளைப் புரட்டிப் போட்டது. அவள் எழுந்து போய் அள்ளவில்லை.

“இதுதான் என் கேள்வி. நான் பாதி அங்கேயே முடிஞ்சு போனேன். மிச்சம் ஒண்ணு இங்க எதுக்கு ஓடிக்கிட்டிருக்கு? அதுக்கு எதுக்குத் தண்ணி?”

“நாளைக்குத் தென்காசி போவோம்” என்றார் கோமதிநாயகம்.

மறுநாள் ஸ்கேன் அறையில் அவளைப் படுக்கவைத்து வயிற்றில் எதையோ தடவினார்கள். ஜில்லென்றிருந்தது. டாக்டரம்மா கருவியை வலப்பக்கம் அழுத்தி வைத்துத் திரையைப் பார்த்தார். இன்னொரு தடவை அளந்தார்.

“பெருசா இருக்கு” என்றார்.

செண்பகவடிவு தலையைத் தூக்கினாள். “வியாதியா?”

“இல்லம்மா. சாதாரணமா பத்து சென்டிமீட்டர் இருக்கும். உங்களுக்குப் பன்னிரண்டரை. ரெண்டு பார்த்த வேலையை ஒண்ணு பாக்குதுல்ல, அதான் வளர்ந்திருக்கு.” பிறகு ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார். முகம் மாறியது. “ஆனா ரத்தத்துல உப்பு ஏறியிருக்கு. தண்ணி குடிக்காம இதையும் வாட்டிட்டீங்கன்னா, இதுக்கு அடுத்து ஒண்ணு இல்ல. ஞாபகம் வச்சுக்கிடுங்க.”

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஆழ்வார்குறிச்சி தாண்டியதும் கேட்டாள்.

“எப்ப வளர்ந்துருக்கும்?”

“அதை எடுத்த முதல் மாசத்துலயே ஆரம்பிச்சுருக்கும்.”

“அவுக இருக்கும்போதேவா?”

“ஆமா.”

“நான் அங்க இருந்ததைத்தான் தினமும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இது ஒண்ணு கிடக்குன்னு நினைச்சதே இல்ல. எனக்குத் தெரியாம வளர்ந்துருக்கு.” அவள் குரலில் கோபம் இருந்தது. வீட்டுக்குள் யாரோ சொல்லாமல் குடியிருந்ததுபோல.

அன்றும் அவள் ரெண்டு தம்ளருக்கு மேல் குடிக்கவில்லை. கோமதிநாயகம் ஒரு சொம்பு சீரகத் தண்ணீரை அவள் அறை வாசலில் வைக்கச் சொன்னார். காலையில் அது வைத்தபடியே இருந்தது. மறுநாளும் வைக்கச் சொன்னார். எட்டு நாள் இப்படிப் போயிற்று. எட்டு நாளும் அவள் சொம்பைச் செம்பருத்திச் செடியில் கவிழ்த்துவிட்டுத் துலக்கிக் கொண்டுபோய் வைத்தாள். அவர் கண்டிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் முற்பகலில் ஒரு பெண் வந்தாள். பேர் பேச்சித்தாய், வயது முப்பத்தாறு. பக்கத்துக் கிராமத்தில் பீடி சுற்றுகிறவள். விரல் நுனியெல்லாம் இலைக் கறை. நெடுநேரம் தயங்கி நின்றுவிட்டுக் கேட்டாள்.

“எங்க அண்ணனுக்குச் சிறுநீரகம் ரெண்டும் போயிட்டு, ஐயா. என்னோடது சேருமாம். வீட்டுக்காரரு உன் இஷ்டம்னுட்டாரு. எனக்குப் பயமா இருக்கு. குடுக்கலாமா, வேண்டாமா?”

“எனக்கு ரெண்டும் இருக்கு தாயி” என்றார் கோமதிநாயகம். “எனக்கு எப்படித் தெரியும்? ஒண்ணு உள்ளவங்க அந்தா சுக்கு இடிக்காக. அவங்ககிட்டக் கேளு.”

உலக்கை நின்றது. செண்பகவடிவு அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் எழுந்து மூலிகைத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

பேச்சித்தாய் அருகே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

“மதினி, வலிக்குமா?”

செண்பகவடிவு உலக்கையைச் சுவரில் சாத்தினாள். வெகுநாளாக யாரும் அவளை முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை.

“பத்து நாள் வலிக்கும். இருமுனா உயிர் போகும். தலையணையை அணைச்சுக்கிட்டு இருமணும்.”

“அப்புறம்?”

“அப்புறம் தெரியாது.”

“நீங்க யாருக்குக் குடுத்தீக?”

“வீட்டுக்காரருக்கு.”

“நல்லா இருக்காகளா?”

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபின் முடியவில்லை.

“ஆறு வருஷம் இருந்தாக. இப்ப இல்ல.”

பேச்சித்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். விரல் கறையை இன்னொரு விரலால் தேய்த்தாள். பிறகு கேட்டாள்.

“அந்த ஆறு வருஷம் என்ன செஞ்சீக?”

இப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பதினோரு நாளைப் பற்றித்தான் கேட்டார்கள்.

“என்ன செஞ்சோம்… சண்டை போட்டோம். குழம்புல உப்பு இல்ல, உப்பு இல்லன்னு தினமும் ஒரு பேச்சு. டாக்டர் சொன்ன அளவுக்கு மேல ஒரு கல்லு போட மாட்டேன். ஒரு சாரலுக்குக் குற்றாலம் போனோம். அருவிக்குப் பக்கத்துல போனா அவுகளுக்குச் சளி பிடிச்சுரும்னு தூரத்துல கடை ஓரமா நின்னு பார்த்துட்டு, மிளகாய் பஜ்ஜி தின்னுட்டுத் திரும்பி வந்துட்டோம். பஸ்ல வரும்போது சொல்லுதாக, ‘நான் நனையலை, உள்ள இருக்கவ நனைஞ்சிருப்பா’ன்னு.”

பேச்சித்தாய் சிரித்தாள். செண்பகவடிவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தொண்டை பழக்கமில்லாமல் கரகரத்தது.

“திரும்பக் கேட்டா…”

“குடுப்பேன்.”

கேள்வி முடியும் முன்னே வந்து விழுந்த பதிலைக் கேட்டு அவளே திகைத்துப்போனாள்.

பேச்சித்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நாலடி போனவள் நின்று திரும்பினாள்.

“வர்ற புதன்கிழமை பெரிய ஆசுபத்திரிக்கு வரச் சொல்லியிருக்காக. அங்க எனக்கு யாரையும் தெரியாது. கூட வாரீகளா மதினி?”

“நான் எங்கயும் போறதில்லம்மா.”

“சரி மதினி.”

அவள் வருத்தப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. வாசலைக் கடந்து, சாலையோரப் புளியமரத்தடிக்குப் போய்ப் பேருந்துக்கு நின்றாள்.

செண்பகவடிவு உலக்கையை எடுத்தாள். இரண்டு குத்துக் குத்திவிட்டு நிறுத்தினாள். அறை அமைதியாக இருந்தது. மூன்று மாதமாக இதே அமைதிதான். இன்றைக்குத்தான் அவளால் அதைத் தாங்க முடியவில்லை. எழுந்து தோட்டத்துக்குப் போனாள். கோமதிநாயகம் ஆடாதொடைக் கிளைகளை ஒடித்துக்கொண்டிருந்தார்.

“என்னை எதுக்கு அவகிட்ட மாட்டிவிட்டீக?”

அவர் இன்னொரு கிளையை ஒடித்தார்.

“துணைக்கு வான்னு கூப்பிடுதா. நான் யாரு அவளுக்கு?”

அவர் ஒடித்ததைக் கையில் சேர்த்துக்கொண்டார். அவள் ஓரடி கிட்டே வந்தாள். வலது கை தானாகப் போய் வலப்பக்க விலாவில் படிந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை.

“ஐயா, ஒண்ணு கேக்கேன். கூடப் பிறந்தது போயிட்டுன்னு இதுக்கு எப்படித் தெரிஞ்சுது? இனிமே உன் வேலையையும் அது வேலையையும் நீதான் பாக்கணும்னு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லலைம்மா.”

“பின்னே?”

கோமதிநாயகம் கிளைகளைக் கீழே வைத்தார்.

“அது போனதே இதுக்குத் தெரியாது. முதுகுத்தண்டுக்கு அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. இருக்கும்போதும் ஒண்ணை ஒண்ணு பார்த்ததில்ல, தொட்டதில்ல. ஒருநாள், அங்க போக வேண்டிய ரத்தமும் சேர்ந்து இங்க வந்துது. ‘இது எனக்கு வந்தது இல்ல’ன்னு இது திருப்பி அனுப்பல. அவ்வளவுதான்.”

செண்பகவடிவு சாலைப் பக்கம் திரும்பினாள். வெயில் அவள் முகத்தில் நேராக விழுந்தது. கண்களைச் சுருக்கிக்கொண்டு வேலிக்கு மேலாகச் சாலையைப் பார்க்க முயன்றாள். வேலிச்செடி மறைத்தது.

“பஸ்ஸு போயிட்டுதா, ஐயா?”

“இன்னும் வரலைம்மா.”