பேச்சியம்மாவுக்கு அடுத்த டப்பா

ஒரு ஊர்ல ஒரு அப்பா இருந்தாரு. ராஜா இல்ல, மந்திரி இல்ல, வெறும் அப்பா. ராஜா கதைதான் வேணும்னா இப்பவே சொல்லிரு, நான் போய்ப் படுத்துக்கிறேன். வேண்டாமா? அப்போ காலை நீட்டு. போர்வையை உதைக்காத. நடுநடுவுல ம் சொல்லணும். சொல்லலேன்னா நீ தூங்கிட்டன்னு நெனச்சு நிறுத்திருவேன்.

ம்.

அந்த அப்பா பேரு பால்சாமி. நூல் மில்லுல ஷிப்டு வேலை. அவருக்கு நாலு வயசுல ஒரு பொண்ணு, மிட்டுன்னு கூப்பிடுவாங்க. மிட்டுவோட அம்மா தனபாக்கியம். அவ குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிட்டா. ஏன் போனான்னு கேக்காத. எல்லாரும் எதுக்குப் போறாங்களோ அதுக்குத்தான்.

இந்த பால்சாமி அந்தத் தெருவுலதான் ஏழெட்டு வருசமா குடியிருந்தாரு. ஆனா தெருவுல ஒரு ஆளைத் தெரியாது. காலையில ஹெல்மெட்டை மாட்டுவாரு, டுர்ர்ர்ருனு பைக்ல போவாரு. சாயங்காலம் டுர்ர்ர்ருனு வருவாரு, வீட்டுக்குள்ளயே பைக்கை ஏத்துவாரு, கதவைச் சாத்துவாரு. சாமான் எதுவா இருந்தாலும் பைபாஸ்ல இருக்கிற பெரிய ஏசி கடையில. தெருமுனையில ஒரு வடைக் கடை இருக்கு, அதுக்கு எதிர்ல மாவு மில்லு, மில்லுக்குப் பக்கத்துல அங்கன்வாடி. எதுக்குள்ளயும் அவரு காலை வெச்சதே இல்ல. கெட்டவர்னு நெனைக்காத. திரும்பிப் பாக்காதவர், அவ்வளவுதான்.

அப்போ அம்மா போகும்போது ஒரு பெரிய டப்பா நிறைய சத்துமாவு திரிச்சு வெச்சுட்டுப் போனா. மிட்டு காலையில அந்த மாவுல கஞ்சி குடிப்பா, சாயங்காலமும் அதையே குடிப்பா. வேற எது குடுத்தாலும் ரெண்டு வாய்தான். டப்பா தீர்ற வரைக்கும் ஒரு பிரச்சனையும் இல்ல. அப்புறம் டப்பா தீந்துச்சு.

ம்.

அப்புறம் என்ன, பிள்ளை இளைக்க ஆரம்பிச்சிருச்சு. அம்மா போனப்புறம் மிட்டு பகல்ல அங்கன்வாடியிலதான் இருப்பா, அங்க வசந்தா டீச்சர் மாசம் ஒரு தடவை எடை போடுவாங்க. மிட்டுவை நிறுத்துப் பாத்துட்டு, கூப்பிட வாசலுக்கு வந்த பால்சாமிகிட்ட, "என்னங்க இது, எடை இறங்கியிருக்கு. என்ன குடுக்கிறீங்க?"ன்னு கேட்டாங்க. பால்சாமி தலையைச் சொறிஞ்சாரு.

இந்த விஷயம் தேனியில இருக்கிற பெரியம்மாவுக்குப் போயிருச்சு. அம்மாவோட அக்கா, ராஜகனி. போன் போட்டாங்க. "தம்பி, நான் சுத்தி வளைக்கல. வர்ற ஞாயித்துக்கெழமை வருவேன். அதுக்குள்ள பிள்ளை சாப்பிட்டா சரி. இல்லேன்னா தூக்கிட்டுப் போயிருவேன். தனபாக்கியம் திரும்பி வர்ற வரைக்கும் இங்கதான் இருக்கும்."

"மதினி, கொஞ்சம் பொறுங்க..."

"பொறுத்துப் பொறுத்துதான் பிள்ளை எலும்பா நிக்குது."

டொக். போனை வெச்சுட்டாங்க.

பொண்டாட்டியும் இல்ல, பிள்ளையும் இல்லேன்னா அந்த வீட்டுல பால்சாமிக்கு என்ன இருக்கு? பைக்குதான் இருக்கு.

ம்.

அப்போ முதல்ல என்ன பண்ணாரு தெரியுமா? ஏசி கடைக்குப் போனாரு. பளபளன்னு ஒரு டின்னு. மேல குண்டா ஒரு பாப்பா படம். கொண்டு வந்து கஞ்சி காய்ச்சி, ஆத்தி, ஸ்பூன்ல குடுத்தாரு. மிட்டு வாயில வாங்கினா. கொஞ்ச நேரம் வெச்சிருந்தா.

த்தூ!

அவரு சட்டையெல்லாம் கஞ்சி. "அம்மா கஞ்சி"ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

அப்புறம் ரெண்டாவது, அம்மாவுக்கே போன் போட்டாரு. "என்ன போடுவ அதுல?" அவ சொல்லச் சொல்ல மந்திரம் மாதிரி மனப்பாடம் பண்ணாரு. கேழ்வரகு, கம்பு, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, முந்திரி, ரெண்டு ஏலக்காய். எல்லாத்தையும் வறுத்தாரு. பாசிப்பயறு சட்டியில படபடன்னு வெடிக்குது, இவரு பின்னாடி பின்னாடி குதிக்கிறாரு. வறுத்து, மிக்ஸியில போட்டாரு. கர்ர்ர்ர்ர்... கர்ர்ர்... புஸ்ஸு. மிக்ஸி புகைஞ்சு நின்னுருச்சு. வந்த வரைக்கும் சலிச்சுக் கஞ்சி வெச்சாரு. நறநறன்னு மண்ணு மாதிரி இருந்துச்சு.

த்தூ!

நீ சிரிக்கிற. அந்தாளு சிரிக்கல.

அப்புறம் மூணாவது. "மிக்ஸியில எல்லாம் ஆகாது, தெருமுனை மில்லுலதான் நான் குடுப்பேன், அங்க குடுத்துத் திரிங்க"ன்னு அம்மா சொன்னா. சரின்னு விடியக்காலையில மில்லு கதவு திறக்கும்போதே போய் நின்னுட்டாரு, முதல் ஆளா. மில்லுக்காரர் பேரு தாவீது. உடம்பெல்லாம் மாவு அப்பி, கண்ணு ரெண்டு மட்டும் கறுப்பாத் தெரியும். "அண்ணே, மிஷினை நல்லா சுத்தம் பண்ணிட்டுப் போடுங்க. பிள்ளைக்கு"ன்னாரு பால்சாமி. தாவீதும் துடைச்சு, தட்டி, பளிச்சுன்னு ஆக்கிட்டுத்தான் போட்டாரு. தடதடதடதட. பூ மாதிரி மாவு. பால்சாமிக்கு ஒரே சந்தோஷம். அதே சாமான், அதே மில்லு, இதை விட என்ன வேணும்?

மிட்டு வாங்கினா. மோந்து பாத்தா. துப்பக்கூட இல்ல. வாயை மூடிக்கிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா.

அதுதான் அவருக்கு ரொம்ப வலிச்சுது. துப்பினாக்கூட பரவாயில்ல.

ம்.

ஞாயித்துக்கெழமையும் வந்துருச்சு. பெரியம்மா பஸ் ஏறிட்டாங்க. பால்சாமிக்கு ஒரு சந்தேகம், போன தடவை கம்பு கருகிருச்சோன்னு. மறுபடியும் எல்லாம் வாங்கி, பக்கத்துலயே நின்னு பதமா வறுத்து, டப்பாவுல போட்டு எடுத்துக்கிட்டு, மிட்டுவை இடுப்புல வெச்சுக்கிட்டு, பழக்கதோஷத்துல ஹெல்மெட்டையும் மாட்டிக்கிட்டு ஓடினாரு. ஆனா அன்னிக்கு லேட்டு. மில்லுல மிஷின் ஓடுது. வாசல்ல ஆளே இல்ல. தரையில மட்டும் வரிசையா டப்பா, தூக்குவாளி, மஞ்சப்பை. நம்மாளு நேரா உள்ள போயி டப்பாவை நீட்டினாரு.

அவ்வளவுதான். எதிர்ல வடைக் கடையில இருந்து ஒரு சத்தம்.

"யோவ் ஹெல்மெட்டு! வரிசை நிக்குதுல்ல, கண்ணு தெரியலையா?"

"எங்க வரிசை? யாருமே இல்லையே?"

"ஏன், டப்பா நிக்கலையா? அதுதான்யா வரிசை. உன் டப்பாவைக் கடைசியில வெச்சுட்டு இங்கிட்டு வா."

அங்க அதுதான் வழக்கம். டப்பா வரிசையில நிக்கும், ஆளு வடைக் கடையில நிக்கும். ஊருக்கே தெரியும், இவருக்குத் தெரியல. கூப்பிட்டது பேச்சியம்மா. சாயங்காலம் தள்ளுவண்டியில சுக்குக்காப்பி விக்கிறவ. காப்பித் தூளுக்கு சுக்கு, மல்லி, மிளகு எல்லாம் திரிக்க வந்திருக்கா. அவ டப்பாதான் கடைசி டப்பா. அதுக்குப் பின்னாடி பால்சாமி டப்பா.

"நீ தனபாக்கியம் புருஷன்தான?"ன்னா பேச்சியம்மா.

"ஆமா. எப்படித் தெரியும்?"ன்னு ஹெல்மெட்டைக் கழட்டினாரு.

"பைக்கு தெரியும், ஹெல்மெட்டு தெரியும். மூஞ்சியை இன்னிக்குத்தான் பாக்குறோம். பரவாயில்ல, நல்லாத்தான் இருக்கு."

எல்லாரும் குபீர்னு சிரிச்சிட்டாங்க. பால்சாமிக்குக் காதெல்லாம் சிவந்து போச்சு. ஆனா பேச்சியம்மா விடல. ஒரு உளுந்த வடையைச் சுடச்சுட பேப்பர்ல வெச்சு அவரு கையில திணிச்சா. கடிச்சாரு. மொறுமொறுன்னு, உள்ள பஞ்சு மாதிரி. நாலு வீடு தள்ளி இப்படி ஒரு வடை இருக்கு, இவரு இத்தனை வருசமா நூல் மில்லு கேன்டீன்ல ரப்பர் வடையைத் தின்னுக்கிட்டு இருந்திருக்காரு. எனக்கே கோவம் வருது.

மிட்டு அந்த வடையில கொஞ்சம் பிச்சு வாங்கித் தின்னா. பால்சாமி அதையே பாத்துக்கிட்டு நின்னாரு.

"பிள்ளை ஏன் இப்படி இருக்கு?"ன்னு பேச்சியம்மா கேட்டா. பால்சாமி எல்லாத்தையும் சொல்லிட்டாரு. பெரியம்மா வர்றது, பிள்ளையைக் கூட்டிட்டுப் போகப் போறது, எல்லாம். முன்னப்பின்ன தெரியாத ஆளுங்ககிட்ட, கையில பாதி வடையோட. பேச்சியம்மா இன்னொரு வடையை மிட்டு கையில குடுத்தா. சொல்ல என்ன இருக்கு?

ம் சொல்லு.

ம்.

அப்புறம் பேச்சியம்மா முறை வந்துச்சு. தடதடதடதட. மில்லு முழுக்க சுக்கு வாசம், எல்லாருக்கும் தும்மல். ஹச்சு! ஹச்சு! அடுத்து பால்சாமி. தாவீது ஒரு கை ரேஷன் அரிசியை அள்ளினாரு. அதை உள்ள விட்டு ஓட்டினாத்தான், முன்னாடி ஆளு மாவு மிஷின்ல ஒட்டிக்கிட்டு இருக்கிறது வெளிய வந்து விழும்.

அப்போ போன் அடிச்சுது. பெரியம்மா. "வீட்டு வாசல்ல நிக்கிறேன். எங்க போனீங்க?"

"அண்ணே, அரிசியெல்லாம் வேண்டாம். அப்படியே போடுங்க."

"யோவ், சுக்கு வாசம் ஏறிக்கும்யா."

"ஏறட்டும், நேரம் இல்ல. போடுங்க!"

தடதடதடதட. சூடா இருந்த டப்பாவை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, மிட்டுவைத் தூக்கிக்கிட்டு ஓடினாரு.

கதவைத் திறந்ததும் பெரியம்மா வந்த சுருக்குல பையை எடுத்து பிள்ளை துணிமணியை அடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. பாவாடை, சட்டை, ஸ்வெட்டர்.

"மதினி, ஒரே ஒரு டம்ளர். அதுக்கப்புறம் நீங்க சொல்ற மாதிரி செய்யலாம்."

"காய்ச்சு. காய்ச்சிப் பாரு." அடுக்கிறதை அவங்க நிறுத்தல.

காய்ச்சினாரு. கட்டி தட்டாம கிண்டினாரு, களக் களக்குன்னு கொதிச்சுது. ஆத்தினாரு. மிட்டுகிட்ட நீட்டினாரு. மிட்டு மோந்து பாத்தா.

மறுபடியும் மோந்து பாத்தா.

அப்புறம் ரெண்டு கையாலயும் டம்ளரைப் பிடிச்சு, மடக் மடக் மடக்குன்னு குடிச்சா. மூக்கு மேல எல்லாம் கஞ்சி. டம்ளரைக் கீழ வெச்சுட்டு, "அம்மா கஞ்சி"ன்னா. "இன்னும்"ன்னா.

பெரியம்மா எந்திரிச்சு வந்து சட்டியில ஒரு விரலை விட்டு நக்கிப் பாத்தாங்க. "தனபாக்கியம் வெக்கிற மாதிரியே இருக்கு. என்னத்தைப் போட்ட?"

"முன்னாடி போட்ட அதே சாமான்தான் மதினி. எனக்கே புரியல."

பெரியம்மா பையில அடுக்கின துணியை ஒவ்வொண்ணா எடுத்து மறுபடியும் அலமாரியில வெச்சாங்க. ரொம்ப நேரம் ஸ்வெட்டரையே மடிச்சுக்கிட்டு இருந்தாங்க. பிள்ளை தன்கூட வரும்னு அவங்களும் ஆசைப்பட்டிருப்பாங்கல்ல. அதையும் நாம நெனைக்கணும்.

ம்...

அப்புறம் மறுநாளு பால்சாமி மில்லுக்கு ஓடிப் போயி, "அண்ணே, குடிச்சிருச்சு!"ன்னு சொன்னாரு. தாவீது யோசிச்சாரு. அப்புறம் பொறி தட்டுச்சு. "உன் வீட்டம்மா எப்பவும் பேச்சியம்மாவுக்கு அடுத்துதான்யா டப்பா வெக்கும். நான் அரிசியை எடுத்தா, எதுக்குண்ணே வீணா, அப்படியே போடுங்கன்னு சொல்லும்."

எதிர்ல வடைக் கடையில நின்ன பேச்சியம்மா இடுப்புல கையை வெச்சா. "அப்போ இத்தனை நாளு என் சுக்கைக் குடிச்சுதான் வளந்துச்சா இந்தப் பிள்ளை? எனக்கும் பாதி சொந்தம் போ."

பாத்தியா. அம்மா கைப்பக்குவம்னு ஒண்ணும் மறைச்சு வெக்கல. பக்கத்து டப்பாவுல இருந்து ஒரு சிட்டிகை ஒட்டிக்கிட்டு வந்திருக்கு, அவ்வளவுதான். மிஷினைச் சுத்தம் பண்ணச் சொல்லி இவரு அதைத்தான் தொடச்சுப் போட்டிருக்காரு. அப்படிப் பாத்தா அந்தத் தெருவுல எல்லார் வீட்டு அடுப்புலயும் அடுத்த வீட்டு மாவு கொஞ்சம் வெந்துக்கிட்டுதான் இருந்திருக்கு. யாருக்கும் தெரியாது. யாரும் கேக்கவும் இல்ல.

அன்னிக்குச் சாயங்காலம் குவைத்துக்குப் போன் போட்டாரு. "ஏன்டி, பேச்சியம்மாவுக்கு அடுத்து டப்பா வெக்கணும்னு நீ ஏன் சொல்லல?"

"அதுல சொல்ல என்ன இருக்கு? அவ கூடப் பேசிக்கிட்டே நிக்கலாம்னு வெப்பேன்."

விஷயத்தைச் சொன்னாரு. லைன் கட்டாயிருச்சோன்னு "ஹலோ, ஹலோ"ன்னாரு.

"இருக்கேங்க"ன்னா. "நான் எடுத்துட்டு வந்த மாவு தீந்துருச்சு. இங்க எல்லாம் வாங்கி நானே அரைச்சு வெச்சுப் பாத்தேன். உள்ள இறங்கல. ஊர் நெனப்புலதான் அப்படி இருக்குன்னு விட்டுட்டேன்."

"திரிச்சு அனுப்புறேன்"னாரு. அப்புறமும் ரெண்டு பேரும் போனை வெக்கல.

அடுத்த ஞாயித்துக்கெழமை பால்சாமி ரெண்டு டப்பாவோட மில்லுக்கு வந்தாரு, ஹெல்மெட் இல்லாம, நடந்து. பக்கத்துத் தெருவுல ஒருத்தர் குவைத்துக்குப் போறாரு, ஒரு டப்பாவை அவரு கையில குடுத்து விடலாம்னு. பேச்சியம்மா திரிச்சு முடிச்சா. கடைசியா ஒரு கை சுக்கை வேணும்னே மிஷினுக்குள்ள விட்டுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி வடைக் கடைப் பக்கம் நகந்துட்டா. தாவீதும் பாத்தாரு. அரிசி டின்னை மூடி வெச்சுட்டு, "டப்பாவை நீட்டுய்யா"ன்னாரு.

தடதடதடதட...

ம் சொல்லு.

சொல்ல மாட்டியா? சரி. கதை கரைஞ்சு போச்சு, கண்ணும் சொக்கிப் போச்சு. தூங்கு.