பாதி மூழ்கிய சமரசிங்கம்

முதல் உலகச் சண்டை ஓய்ந்து, அடுத்ததற்கு எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த காலம். வல்லரசுகள் மாநாடு கூட்டி, கேக் தின்று, போர்க்கப்பல்களைக் குறைத்துக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டன.

முத்தலைத்துறை சமஸ்தானத்தின் திவான் சடகோபன் பேப்பரில் இதைப் படித்துவிட்டுக் கொதித்துப் போனார். "கப்பலைக் குறையுங்கோன்னு நம்மகிட்ட ஒருத்தனும் கெஞ்சலையே! நாம என்ன அவ்வளவு இளப்பமா?"

உடனே மாநாட்டுக்குத் தந்தி பறந்தது. பதிலும் வந்தது: 'உங்கள் கப்பற்படையில் பாதியை மூழ்கடியுங்கள். திங்கட்கிழமை துரை ஒருவர் வந்து மிச்சப் பாதியைப் பார்வையிடுவார். திருப்தியானால் மாநாட்டில் உங்களுக்கும் ஒரு நாற்காலி.'

சமஸ்தானத்தின் கப்பற்படை என்பது 'சமரசிங்கம்' என்கிற ஒரே கப்பல். அதன் கேப்டன் கஸ்பார் மோத்தா. மகாராஜா பிறந்தநாளுக்கு வெற்று வேட்டுப் போடுவதைத் தவிர அது வேறு போரைக் கண்டதில்லை. ஆனாலும் மோத்தா தினம் விடிந்ததும் அதன் பக்கவாட்டைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார். அதில் பாதியை மூழ்கடிக்க வேண்டும் என்று கேட்டதும் அன்றைய காப்பியைக் குடிக்காமலேயே வைத்துவிட்டார். உத்தரவு உத்தரவுதான். எந்தப் பாதி என்று மட்டும் தெரிய வேண்டும்.

மந்திரிசபை கூடியது.

"முன்பாதியில பீரங்கி இருக்கு. அதைத் தொடக் கூடாது" என்றார் யுத்த மந்திரி பெரியகருப்பன் சேர்வை.

"பின்பாதியிலதான் சமையலறை இருக்கு. மந்திரிகள் கப்பலுக்குப் போறதே அதுக்குத்தானே?" என்றார் சட்ட மந்திரி பஞ்சாபகேசன்.

இது பெரியகருப்பனுக்கே நியாயமாகப் பட்டது. முன்பாதியை மூழ்கடிப்பதென்று முடிவாயிற்று.

மோத்தா தொப்பியைக் கழற்றினார். "ஒரு சந்தேகம் ஐயா. முன்பாதி மூழ்குறது பின்பாதிக்குத் தெரியாமப் பாத்துக்க முடியுமா? ரெண்டும் ரொம்ப நாளாச் சேந்தே இருந்ததுங்க. தெரிஞ்சா இதுவும் கூடவே போயிரும்."

சபை கவலையில் ஆழ்ந்தது. கடைசியில் சட்ட மந்திரிதான் வழி சொன்னார்: நடுவில் ஒரு திரையைக் கட்டிவிடுவது.

அரண்மனையிலிருந்து பெரிய ஜமுக்காளம் ஒன்று வந்தது. கப்பலின் நடுவே அதைக் கட்டினார்கள். பாண்டு வாத்தியம் முழங்க, முன்பாதியில் துளை போட்டார்கள். மோத்தா திரைக்கு இந்தப் பக்கம் நின்று, பின்பாதிக்குச் சத்தம் கேட்காதபடி இருமிக்கொண்டே இருந்தார்.

முன்பாதி தாழ்ந்தது. பின்பாதி ஜம்மென்று மேலே எழும்பியது.

"பாத்தீங்களா, பாரம் குறைஞ்சதும் என்ன உற்சாகம்!" என்று கரையிலிருந்து கைதட்டினார் திவான்.

சட்ட மந்திரி முகம் சுளித்தார். "ரொம்ப உசந்துடுத்தே. பெரிய கப்பல் வாங்கிட்டோம்னு துரை நினைச்சுக்கப் போறார். பின்னாடியும் சின்னதா ஒரு ஓட்டை போட்டா அளவுக்கு இறங்கும்."

போட்டார்கள். இறங்கியது. அளவோடு நிற்கத்தான் அதற்குத் தெரியவில்லை. மாலுமிகள் நீந்திக் கரையேறினார்கள். மிச்சப் பாதியை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவாகியிருந்ததால், மோத்தா மட்டும் கழுத்தளவு தண்ணீர் வரும்வரை சல்யூட் அடித்தபடி நின்றார். பிறகு ஜமுக்காளத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்து வந்து சேர்ந்தார்.

கரையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார். "யாரோ திரையை விலக்கிக் காட்டிட்டாங்கய்யா" என்று தேம்பினார்.

"அழாதேயும் ஓய்! திங்கட்கிழமை துரை மிச்சப் பாதி எங்கேன்னு கேப்பாரே? நம்ம நாற்காலி என்ன ஆறது?" என்று பதறினார் திவான்.

சட்ட மந்திரி பஞ்சாபகேசன் தண்ணீரோரம் போய் எட்டிப் பார்த்தார். "கப்பல் இருந்த இடத்துலதான் இருக்கு. தண்ணிதான் மேலே நிக்கறது. தண்ணியை எடுத்துட்டா போச்சு."

சமஸ்தானமே வாளியோடு திரண்டது. அள்ளிய தண்ணீரைத் தெருவில் கொட்டினால் ஊர் சேறாகிவிடும் என்று, துறைமுகப் பாலத்தின் மறுபக்கம் கடலிலேயே கொட்டச் சொன்னார் திவான். தினமும் கடல் உள்வாங்குகிற நேரம் அது. புகைக்கூண்டு தலைகாட்டியது.

"தெரியுது! என் சிங்கம் தெரியுது!" என்று மோத்தா குதித்தார். யுத்த மந்திரி சேர்வை கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் மதியச் சாப்பாட்டுக்கு உத்தரவு கொடுத்தார்.

சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்து பார்த்தால், புகைக்கூண்டைக் காணோம். கடல் பழையபடி நிறைந்து கிடந்தது.

சேர்வையின் மீசை துடித்தது. "நாம சாப்பிடப் போன நேரம் பாத்துப் பக்கத்து சமஸ்தானத்தான் தண்ணியை ஊத்திட்டுப் போயிருக்கான்!"

"துரோகி!" என்றார் திவான். சமாதானத்தைக் குலைத்தவர்கள் மீது அங்கேயே, நின்ற நிலையிலேயே போர்ப் பிரகடனம் ஆயிற்று.

"மோத்தா! சமரசிங்கம் புறப்படத் தயாரா?"

மோத்தா ஈரத் தொப்பியைப் பிழிந்து தலையில் வைத்துக்கொண்டு விறைப்பாக நின்றார்.

"கப்பல் தயார் ஐயா. மாலுமிகதான் இன்னும் கொஞ்சம் மூச்சடக்கப் பழகணும்."