மாசிலாமணிக்குத் தெரியாமல் மாசிலாமணி ஒளித்த சாவி

கள்ளிவிளைக்காரர்கள் புத்தியை யார் கேட்டாலும் கொடுத்துவிடுவார்கள். தங்களுக்கென்று மிச்சம் வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. அந்த ஊரிலேயே மாசிலாமணி கையில் மட்டும் யாரும் ஒரு தீப்பெட்டியைக்கூட நம்பிக் கொடுத்ததில்லை. இந்த வருஷம்தான் வேதக்கோயிலில் ஊரே கூடிச் சாப்பிடும் அசன விருந்துக்கு அரிசி அறைச் சாவியை உபதேசியார் அவனிடம் ஒப்படைத்தார். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. இதில் பிசகினால் ஜென்மத்துக்கும் இனி ஒன்றும் கிடைக்காது என்பதும் தெரியும்.

வினை பிரசங்கத்தில் வந்தது.

"'தன்னைத்தானே வஞ்சிக்கிறான்' என்பதற்குக் கிரேக்க பாஷையில் ஒரே சொல்தான். தன் மனசைத் தானே ஏமாற்றுவது என்று அர்த்தம். வெளித் திருடனுக்குப் பூட்டு உண்டு. உங்களை ஏமாற்றப்போகிறவனோ உங்களுக்குள்ளேயே இருக்கிறான். அவனிடம் ஜாக்கிரதை!" என்றார் உபதேசியார்.

மாசிலாமணி சாவியை இறுகப் பிடித்துக்கொண்டான். கூட்டாளிகள் குணசீலனையும் பாக்கியமுத்துவையும் கோயிலுக்குப் பின்பக்கம் இழுத்துப் போனான்.

"சாவி யாருட்டல இருக்கு?" என்று விசாரணையைத் தொடங்கினான் குணசீலன்.

"எங்கிட்ட."

"ஒன்ன ஏமாத்தப்போறவன்?"

"நாந்தான்."

"ஏமாறப்போறவன்?"

"அதுவும் நாந்தான்."

"அப்பம் சாவிய ஒனக்குத் தெரியாம ஒளிச்சு வையி."

"நீதான் ஒளிச்சு வையேன்."

"எனக்குள்ளயும் ஒருத்தன் கெடக்கான்லா!"

பாக்கியமுத்து ஆழ்ந்து யோசித்தான். "கண்ண இறுக்க மூடிட்டு ஒளிச்சு வச்சா அவனுக்கு எப்பிடில தெரியும்? நாங்களும் மூடிக்கிடுதோம்."

மாசிலாமணி தடவித் தடவிப் போனான். சுவரில் ஒரு முட்டு, தூணில் ஒரு முட்டு. வெறுங்கையோடு திரும்பினான். அன்று நிம்மதியாகத் தூங்கினான்.

மறுநாள் உலை கொதித்தது. அரிசி வருவதற்கு முன்பே ஊர் இலை போட்டு உட்கார்ந்துவிட்டது.

"சாவி எங்கடே?" என்றார் உபதேசியார்.

"பத்திரமா இருக்குய்யா. எனக்கே தெரியாது" என்றான் மாசிலாமணி, நெஞ்சை நிமிர்த்தி.

உபதேசியார் தலையில் அடித்துக்கொண்டு மாற்றுச் சாவியை எடுத்தார். மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அய்யா, தொலச்சுட்டாம்னு ஊரு சொல்லுமே! அத எங்கையில தாங்க. நேத்து மாரியே கண்ண மூடிட்டுப் போயி ஒளிச்சு வைக்கேன். காலு அங்கதான போவும்? பின்னாலயே வந்து பாத்துக்கிடுங்க."

உபதேசியாரும் கள்ளிவிளையில் பிறந்தவர்தான். கொடுத்துவிட்டார்.

"நேத்து யாரும் பாக்கல. அதே மாரி இருந்தாத்தான் சரியா வரும்" என்றான் பாக்கியமுத்து. நியாயம்தானே? இலைக்கு முன்னால் இருந்த ஊர் மொத்தமும், உபதேசியார் உட்பட, கண்ணை மூடியது.

சற்று நேரத்தில் மாசிலாமணி வீங்கிய நெற்றியும் வெறுங்கையுமாகத் திரும்பினான். முகமெல்லாம் சிரிப்பு.

"கவலய விடுங்கய்யா. இப்பம் ரெண்டு சாவியும் ஒரே எடத்துலதான் கெடக்கு. ஒண்ணத் தேடுனாப் போதும்!"